வறுத்த கடலையா, வேகவைத்த கடலையா? பொட்டலம் பிரிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை!

சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனால், கடலை வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுந்துவிடும். இரும்புச் சட்டியின் விளிம்பில் கரண்டியால் தட்டும் அந்த 'டங்... டங்...' சத்தம்தான் அதற்கு விளம்பரம். ரயிலில், கடற்கரையில், கோயில் திருவிழாவில், சினிமா தியேட்டர் வாசலில் என்று கடலை இல்லாத இடம் ஏது? இளசுகள் மணிக்கணக்கில் பேசினால் அதற்கும் 'கடலை போடுறாங்க' என்றுதான் பெயர்!

நிலக்கடலை, வேர்க்கடலை என்று பொதுவாகச் சொன்னாலும் ஊருக்கு ஊர் பெயர் மாறும். விழுப்புரம், திருவண்ணாமலை பக்கம் போனால் மல்லாட்டை, மணிலாக்கொட்டை. யாழ்ப்பாணத்தில் கச்சான். பெயரில் மணிலா இருந்தாலும் இதன் பூர்வீகம் தென் அமெரிக்கா. அங்கிருந்து கப்பலேறி உலகம் சுற்றி வந்த பயிர் இது.

பூ மேலே, காய் கீழே!

இன்னொரு ஆச்சர்யம், கடலை உண்மையில் கொட்டை வகையே அல்ல. துவரை, உளுந்து, அவரை போல இதுவும் பயறு குடும்பம். மஞ்சள் பூ செடியில்தான் பூக்கும். கருவுற்ற பிறகு, பூவின் அடியிலிருந்து ஊசி போன்ற ஒரு விழுது கிளம்பி மண்ணுக்குள் இறங்கும். அதன் நுனிதான் மண்ணுக்குள் காயாகத் திரளும்.

மண் இறுகிக் கிடந்தால் விழுது உள்ளே போகாது. அதனால்தான் விதைத்த 40-45 நாளில் ஜிப்சம் போட்டு மண் அணைக்கிறார்கள் விவசாயிகள். ஜிப்சத்தில் இருக்கும் கால்சியம், பருப்பு முழுசாகத் திரள உதவும். அது குறைந்தால் ஓடு மட்டும் பெரிதாக இருந்து உள்ளே பொக்கையாகப் போய்விடும். நாம் உடைக்கும்போது 'சே, பொக்கு!' என்று தூக்கிப் போடுகிறோமே, அதற்குப் பின்னால் ஒரு விவசாயியின் நஷ்டம் இருக்கிறது.

அணிலுக்கும் ஒரு பங்கு

விதை போட்ட நாளிலிருந்தே பங்காளிகள் வந்துவிடுவார்கள். காகமும் மயிலும் அணிலும் ஈர மண்ணைக் கிளறி விதையை எடுக்கும். காய் பிடித்த பிறகு காட்டுப்பன்றி வந்தால் ஒரே இரவில் பாத்தி பாத்தியாகத் தோண்டிவிடும். மலையடிவாரக் கிராமங்களில் கடலை போட்டவர்கள் ராத்திரி முழுக்கக் காவல் கிடப்பது இதனால்தான்.

காட்டுப்பன்றியோடு ஒப்பிட்டால் அணில் எடுப்பது கொசுறு. மொட்டைமாடியில் காயப்போட்ட கடலையை முன்னங்கால் இரண்டிலும் பிடித்துச் சுற்றிச் சுற்றிக் கொறிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அணிலின் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். கடினமானதைக் கொறித்தால்தான் அவை தேய்ந்து அளவாக இருக்கும். குளிர்நாடுகளில் இருக்கும் சில அணில் வகைகள் பனிக்காலத்துக்காகக் கொட்டைகளை அங்கங்கே மண்ணில் புதைத்து வைக்கும். எடுக்காமல் விட்டவை மரமாக முளைப்பதும் உண்டு. முதுகில் மூன்று கோடு போட்ட நம்மூர் அணிலுக்குப் பனிக்காலக் கவலை இல்லை. கிடைத்ததை உடனே காலி செய்வதுதான் அதன் வழக்கம்!

கை நோகும் வேலை

செடியைப் பிடுங்கியதும் கொடியிலிருந்து காயை ஆய வேண்டும். பெரும்பாலும் பெண்கள்தான் வரப்போரம் உட்கார்ந்து ஆய்கிறார்கள். பல ஊர்களில் ஆய்ந்த காயை அளந்து, அதில் ஒரு பங்கைக் கூலியாகக் கொடுக்கும் வழக்கம் உண்டு. கொடி மாட்டுக்குத் தீவனம். எண்ணெய் ஆட்டியபின் மிஞ்சும் புண்ணாக்கும் மாட்டுக்கே. அடுத்த போகத்துக்கான விதைக் கடலையை இன்றைக்கும் பல இடங்களில் கையால்தான் உடைக்கிறார்கள். இயந்திரத்தில் போட்டால் பருப்பு இரண்டாக உடைந்துவிடும், முளைக்காது.

இப்படி வரும் கடலையை வெல்லப்பாகோடு சேர்த்தே ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கோவில்பட்டி. அங்கு தயாராகும் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

மணலில் வறுப்பது ஏன்?

வெறும் சட்டியில் போட்டால் சட்டியைத் தொடும் பக்கம் மட்டும் கருகும். சூடான மணல் கடலையை நாலாபக்கமும் மூடிக்கொள்வதால் சூடு சமமாகப் பரவி, உள்ளே வரை பதமாக வறுபடும். எண்ணெயும் தேவையில்லை. பச்சைக் காயை உப்பு போட்டு வேகவைப்பது இன்னொரு ருசி. அறுவடை சீஸனில்தான் அது கிடைக்கும்.

100 கிராம் காய்ந்த கடலைப் பருப்பில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. கூடவே கிட்டத்தட்ட பாதி கொழுப்பும்தான். அதனால் ஒரு கைப்பிடி போதும். ரத்த அழுத்தம் இருப்பவர்கள் உப்புக் கடலையைக் குறைத்துக்கொள்வது நல்லது.

கசந்தால் துப்பிவிடுங்கள்!

கடலையைச் சரியாகக் காயவைக்காமல் ஈரத்தோடு மூட்டை கட்டினால் ஒருவகைப் பூஞ்சை பிடிக்கும். அது உண்டாக்கும் நச்சுக்கு 'அஃப்ளாடாக்சின்' என்று பெயர். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்கே காரணம் என்று தேடிப் பிடித்தபோதுதான் இந்த நச்சு உலகுக்குத் தெரிந்தது. கல்லீரலைப் பாதிக்கும் இதை, புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை. வறுப்பதாலோ வேகவைப்பதாலோ இது முழுதாக அழியாது.

பயந்து கடலையையே விட்டுவிட வேண்டியதில்லை. சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை படிந்தது, காறல் வாடை அடிப்பது என எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். வாயில் கசந்தால் யோசிக்காமல் துப்பிவிடுங்கள். 'வீணாகிறதே' என்று சட்னியில் சேர்க்க வேண்டாம். காயைக் குலுக்கினால் உள்ளே பருப்பு சலசலக்க வேண்டும். அதுதான் நன்றாகக் காய்ந்த கடலை. வீட்டில் ஈரம் புகாத டப்பாவில் வைத்து, சீக்கிரம் தீர்த்துவிடுவது நல்லது.

குட்டீஸ் இருக்கும் வீடுகளில்...

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முழுக் கடலை கொடுக்கவே கூடாது. அரைத்து விழுங்கும் பக்குவம் அவர்களுக்கு இருக்காது. சிரிக்கும்போதோ ஓடும்போதோ கடலை மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். கடலை தின்ற குழந்தை திடீரென இருமி, பிறகு சரியானதுபோல இருந்தாலும் அசட்டையாக விடாதீர்கள். மூச்சில் இழுப்புச் சத்தம், விடாத இருமல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவுவது கடலையை இன்னும் உள்ளே தள்ளிவிடும்.

சிலருக்குக் கடலை ஒவ்வாமையும் உண்டு. சாப்பிட்டதும் உதடு, முகம் வீங்கி மூச்சுத்திணறினால் அது அவசர சிகிச்சைக்கான நேரம்.

பொட்டலம் எதில்?

பழைய செய்தித்தாளில் சுற்றிய கூம்புப் பொட்டலம் பார்க்க அழகுதான். ஆனால், அச்சு மையில் இருக்கும் ரசாயனங்கள் சூடான உணவில் ஒட்டும் என்பதால், உணவை நாளிதழில் மடிக்க 2018-ம் ஆண்டின் உணவு பேக்கேஜிங் விதிமுறைகள் தடை விதித்திருக்கின்றன. ஓட்டோடு இருக்கும் கடலையைவிட, உரித்து வறுத்த மசாலா கடலையில்தான் மை அதிகம் ஒட்டும். வீட்டிலிருந்து ஒரு சின்ன டப்பாவோ துணிப்பையோ எடுத்துப்போனால் வியாபாரிக்கும் பேப்பர் செலவு மிச்சம்.

அந்த வியாபாரியின் கணக்கும் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். அன்றன்று வாங்கிய சரக்கை அன்றன்று விற்றால்தான் அவருக்கு அடுப்பு எரியும். மழை பெய்தால் அன்றைய வியாபாரம் போச்சு. வண்டியை எடுக்கச் சொன்னால் அதுவும் போச்சு. தெருவோர வியாபாரிகளுக்கான 2014-ம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு அடையாள அட்டையும் விற்பனைச் சான்றிதழும் தரச் சொல்கிறது. சான்றிதழ் பெற்றவரை நினைத்த நேரத்தில் அப்புறப்படுத்த முடியாது. உங்கள் தெருமுனைக் கடலைக்காரரிடம் அது இருக்கிறதா என்று பேச்சுவாக்கில் கேளுங்கள். இல்லையென்றால் நகராட்சி அலுவலகத்தில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். விஷயம் தெரியாமலே இருப்பவர்களுக்கு அது பெரிய உதவி.