விறகின் எடையும் வெப்பமும்

புதுவை மாநிலத்தின் நெற்களஞ்சியமாகிய பாகூர்க் கொம்யூனில், கடலையொட்டி அமைந்துள்ளது பனித்திட்டு. இங்கிருந்து கடலூர் நோக்கிச் செல்லும் மணற்பாங்கான கரைக்குச் சவுக்கு புதிய பயிரன்று. 19-ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்துப் புகைவண்டிகளுக்கு விறகு தேவைப்பட்டபோது, கடலோரங்களில் பெருவாரியாக நடப்பட்ட மரம் அது. அதன் வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனை ஈர்த்துத் தருவதால், வெறும் மணலிலும் நான்கைந்து ஆண்டுகளில் வெட்டுக்கு வந்துவிடுகிறது. இன்று நேரான தடிகள் காகித ஆலைகளுக்கும் கட்டட வேலைக்கும் போகின்றன. மிலாரும் வேர்க்கட்டையும் சூளைக்கும் கொதிகலனுக்கும் ரொட்டி அடுப்புக்கும் விறகாகின்றன.

இவ்விறகு வியாபாரத்தில் ஒரு முரண்பாடு உண்டு. சவுக்கு பயிரிடும் நம் குடும்பங்கள் அதனைக் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். பச்சை மரத்தில் ஏறத்தாழப் பாதி நீர். 1,000 கிலோ பச்சை விறகை உலையிலிட்டால் 500 கிலோ கட்டைதான் எரிகிறது. அது தரும் வெப்பம் சுமார் 22 லட்சம் கிலோகலோரி. எஞ்சிய 500 கிலோ நீரை ஆவியாக்கவே அதில் 3 லட்சம் வீணாகிறது. அதே விறகைச் சில மாதங்கள் காற்றோட்டமாக அடுக்கி, ஈரம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தபின் எரித்தால், இவ்விழப்பு முக்கால் லட்சத்துக்கு இறங்கிவிடும். புகையும் குறையும். ஆனால் எடையோ 625 கிலோவாகிவிடும்! எடைக்கு விலை பேசும் சந்தையில் எந்த விவசாயி காத்திருப்பார்? அவரைக் குறை கூறுவதில் நியாயமில்லை. பச்சை விறகு கிலோ 5 ரூபாய் எனக் கொண்டால், உலர்ந்ததற்கு 8 ரூபாய் கிடைத்தால்தான் அவருக்கு நட்டமில்லை. ஆலைக்காரரும் தயங்க வேண்டியதில்லை. கிலோவுக்குக் கிடைக்கும் வெப்பம் 1,900 கிலோகலோரியிலிருந்து 3,400 ஆக உயர்கிறதல்லவா?

இவ்வகையில் கொடுத்துவைத்தவர்கள் புழுங்கலரிசி ஆலையினர். ஒரு டன் நெல்லை அரைத்தால் சுமார் 200 கிலோ உமி, உலர்ந்த நிலையிலேயே, ஆலைக்குள்ளேயே கிடைக்கிறது. நெல்லை அவிக்கவும் உலர்த்தவும் வேண்டிய வெப்பத்துக்கு அதன் உமியே போதும்.

தொல்லை சாம்பலில்தான். உமியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகிறது. அதுவும் பெரும்பாலும் சிலிக்கா. புகைபோக்கிக்கு முன்னே சாம்பலைப் பிடிக்கும் அமைப்பு இல்லாவிடில், காற்றடிக்கும் திசையிலுள்ள வீடுகளின் முற்றத்திலும் சோற்றிலும் கருந்துகள் விழும். குழந்தைகளின் கண்ணில் விழுந்தால் கசக்கவிடாமல் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். ஆலையினர் அச்சாம்பலைப் பிடித்துவைத்தால் அதற்கும் பயனுண்டு. செங்கல் அறுப்போர் களிமண்ணோடு கலக்க வாங்கிச் செல்கின்றனர்.