‘அந்த நாள்’ போஸ்டர் வாங்கினேன்... டபுள் ஆச்சா?

ஆரப்பாளையத்துல தேனி பஸ்ஸுக்கு நேரம் இருக்கேன்னு, பக்கத்துல ஒரு பழைய சாமான் கடைக்குள்ள நுழைஞ்சேன். அதுதான் தப்பு. ‘அந்த நாள்’ பட போஸ்டர், 6,000 ரூபாய். “ஒரிஜினல் தம்பி, ரெண்டு வருஷம் வச்சிருந்தா டபுள்”னார் கடைக்காரர். கிரெடிட் கார்டை நீட்டிட்டேன். 12 மாச இ.எம்.ஐ. வட்டி, ப்ராசசிங் ஃபீ, ஜி.எஸ்.டி. சேர்த்தா ஏறக்குறைய 6,800.

படம் தெரியாதவங்களுக்கு: 1954, ஏவி.எம். தயாரிப்பு, வீணை எஸ்.பாலசந்தர் இயக்கம். 1943 அக்டோபர்ல சென்னை மேல ஜப்பான் குண்டு போட்ட சமயம், ரேடியோ இன்ஜினியர் ராஜன் சுட்டுக் கொல்லப்படுறான். விசாரணையில ஆளுக்கொரு கதை சொல்றாங்க. குரோசவாவோட ‘ராஷோமான்’ தாக்கம் அப்படியே தெரியும். ராஜனா வர்றது சிவாஜி. தன் திறமைக்கு இங்கே மதிப்பில்லைங்கிற கசப்புல எதிரிக்கு வேவு பார்க்கிறவன். அப்ரைசல்ல அடி வாங்கின நமக்கு அவன் கோபம் புரியும், அதுதான் சங்கடம். பாட்டு, டான்ஸ், சண்டை எதுவும் கிடையாது. ரிலீஸ் ஆனப்போ படம் ஓடலை.

சேகரிக்கிறவங்களை இழுக்கிறதே இதுதான். பழைய படம்னா பாட்டுப் புத்தகம், இசைத்தட்டுன்னு தேடுவாங்க. பாட்டே இல்லாத படத்துக்கு அதுக்கு எங்கே போறது? மிச்சம் போஸ்டர், ஸ்டில், நோட்டீஸ்தான்.

சரி, என் போஸ்டர்? வீட்டுக்கு வந்து லென்ஸ் வச்சுப் பார்த்தேன். போஸ்டரோட அடியில அச்சகத்தோட பேரும் ஊரும் பொடி எழுத்துல இருக்கும். அசல்னா அது கூர்மையா இருக்கணும். என்னுதுல கசங்கின மாதிரி மங்கல். ஸ்கேன் பண்ணி திரும்ப அடிச்சது. மடிப்புக் கோடுகூட காகிதத்துல இல்லீங்க, படத்தோட சேர்த்து பிரிண்ட் ஆகியிருக்கு!

திருப்பிக் கொண்டு போனா, “800 தர்றேன்”னார்.

ஒரு வேளை அசலாவே இருந்தாலும் கணக்கு என்ன? தங்கத்துக்கு தினமும் ரேட் போடுறாங்க, அவசரத்துக்கு அடகும் வைக்கலாம். போஸ்டருக்கு ரேட் கிடையாது. அதே பைத்தியம் பிடிச்ச இன்னொருத்தர் கிடைக்கணும், அவர் கையில அன்னைக்குக் காசும் இருக்கணும். அரிதா இருக்கிறது வேற, விலை போறது வேற. ஆசைக்கு வாங்குறீங்களா, சினிமாவுக்கு ஒதுக்கின காசுல, முழுப் பணம் கொடுத்து வாங்குங்க. எஸ்.ஐ.பி.யை நிறுத்திட்டு வேண்டாம், கார்டுல சத்தியமா வேண்டாம்.

போஸ்டர் இப்போ என் ரூம் சுவத்துல இருக்கு. இ.எம்.ஐ. இன்னும் நாலு பாக்கி.