தாங்கும் செல்லே தாக்கினால்?

"பக்கத்துல வர்ற வண்டி தெரிய மாட்டேங்குதுங்க வைத்தியரே, தலைக்கு எண்ணெய் குடுங்க" என்றார் நாமக்கல் லாரி டிரைவர். எண்ணெய் தரவில்லை, கண் டாக்டரிடம் அனுப்பினேன். கண் நீர் அழுத்த நோய்!

விழித்திரையில் நரம்பு செல்களைத் தாங்கிக் காப்பவை ஆஸ்ட்ரோசைட் எனும் துணை செல்கள். கண் அழுத்தம் கூட்டப்பட்ட எலிகளில் இவையே குணம் மாறி நரம்பு செல்களைச் சாகடிக்கின்றன. அந்த மாற்றத்தைத் தூண்டும் மூன்று பொருள்கள் இல்லாத எலிகளில் நரம்பு செல்கள் பிழைத்தன என்றது 2020-ல் வெளியான அமெரிக்க ஆய்வு.

மனிதருக்கு இது இன்னும் மருந்தாகவில்லை. போன பார்வையை எங்கள் சித்த மருந்தும் மீட்காது. சென்னை சங்கர நேத்ராலயா ஆய்வில் நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் நோய் இருப்பதே தெரியவில்லை.

நாற்பதைத் தாண்டினீர்களா? கண் அழுத்தத்தையும் நரம்பையும் பரிசோதியுங்கள். சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்; மிச்சப் பார்வையாவது தங்கும்.