கியர்ப் பெட்டிக்குள் இருக்கும் சிவப்பெண்ணெய்

இறம்பொடை ஏற்றத்தில் எமது மோட்டார் வண்டி முதன்முதலாக நடுங்கியபொழுது, பின்னாசனத்தில் அமர்ந்திருந்த மாமியார் அதனைப் பாதையின் குற்றமெனவே கொண்டார். யானும் அவ்வாறே எண்ண விரும்பினேன். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வரையுள்ள 320 கிலோமீற்றர் தூரத்தையும் யாதொரு குறையுமின்றி ஓடிவந்த வண்டி அது. கம்பளையையும் புசல்லாவையையும் கடந்து, ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவை நோக்கிப் பாதை வளைந்து வளைந்து ஏறும் இடத்திலேதான் அதன் நோய் வெளிப்பட்டது. இயந்திரம் உறுமிற்று, வண்டியோ நகர மறுத்தது. "இஞ்சாருங்கோ, ஏதோ எரியிற மணம் வருகுது" என்றாள் மனைவி.

பாதையோரத்துக் கராஜ் ஒன்றிலிருந்து வந்த இளைஞர் மூடியைத் திறந்து, மெல்லிய கம்பியொன்றை உருவி, அதன் நுனியை ஒரு வெள்ளைத் துணியில் ஒற்றிக் காட்டினார். கறுத்த கோப்பிச் சாயம்போன்ற ஒரு கறை. "ஐயா, இந்த கியர் ஒயில எப்ப மாத்துனீங்க?" என்று கேட்டார். மறுமொழி கூற என்னிடம் ஏதுமில்லை. இயந்திரத்தின் ஒயிலை ஒவ்வொரு 5,000 கிலோமீற்றருக்கும் தவறாது மாற்றியவன் யான். கியர்ப் பெட்டிக்குள்ளும் ஓர் ஒயில் உண்டென்பதையும், அதற்கும் மூப்பும் சாவும் உண்டென்பதையும் நினைத்ததேயில்லை. வண்டியை விற்றவர், "அது ஆயுட்கால ஒயில், கை வைக்கவே தேவையில்லை" எனக் கூறியது மட்டும் நினைவில் இருந்தது. மூத்த மகளின் பல்கலைக்கழக விடுதிச் செலவுக்கென ஒதுக்கியிருந்த பணத்தின் பெரும்பகுதி அந்த ஒரு சொல்லை நம்பியதற்காகச் சென்றது.

தன்னியக்கக் கியருள்ள வண்டியில் அந்த எண்ணெய் செய்யும் வேலை யாது? இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றைமட்டும் சுழலவிட்டால், அதன் காற்றுப் பட்டு மற்றையதும் சுழலக் காண்போம். இயந்திரத்துக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடையிலுள்ள தொடர்பும் அத்தகையதே. காற்றுக்குப் பதிலாக அங்கே எண்ணெய் நின்று விசையைக் கடத்துகின்றது. அதன் அமுக்கமே உள்ளேயிருக்கும் கிளச்சுத் தட்டுகளை நெருக்கிப் பிடித்துக் கியரை மாற்றுவதும். பற்சக்கரங்களுக்கு வழுவழுப்பைத் தருவதும், வெப்பத்தைச் சுமந்து சென்று வெளியே ஆற்றிவருவதும் அதுவேயாகும். பற்சக்கரத்தில் வழுக்கவேண்டும், கிளச்சுத் தட்டிலோ பிடிக்கவேண்டும். ஒன்றுக்கொன்று மாறான இவ்விரு குணங்களையும் ஒரே திரவம் தாங்கவேண்டியிருத்தலால், அதனுள் பல இரசாயனச் சேர்க்கைகளைக் கலக்கின்றனர். முதலில் தேய்ந்து போவன அச்சேர்க்கைகளே.

இவ்விடத்தில் ஒரு சிறு வரலாற்றைச் சொல்லாமற் செல்ல மனமில்லை. பெருந்தொகையாகச் செய்து விற்கப்பட்ட முதலாவது முழுத் தன்னியக்கக் கியர்ப் பெட்டி, அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தார் 1939-ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபைல் வண்டிகளுக்கென அறிவித்த 'ஹைட்ரமற்றிக்' ஆகும். அதற்குரிய தனி எண்ணெய்க்கு அவர்கள் 1949-இல் ஒரு நியமம் வகுத்தனர். 1967-இல் 'டெக்ஸ்ரோன்' என்னும் பெயர் வந்தது. கிளச்சு நடுக்கமின்றிப் பிடிப்பதற்காக அக்காலத்து எண்ணெயிற் சேர்த்த பொருள்களுள் ஒன்று, பெருந்தலைத் திமிங்கிலத்திலிருந்து எடுக்கப்பட்ட எண்ணெய். 1970-களின் தொடக்கத்தில் அத்திமிங்கிலத்தைக் காக்கும் பொருட்டு அமெரிக்காவில் அதற்குத் தடை வந்தது. இரசாயனவியலார் அதற்கு ஈடானதொன்றைத் தேடி அலைய நேர்ந்தது. அடுத்த முறை கியர் மெல்லென மாறும்பொழுது, ஒரு காலத்தில் அந்த மென்மை ஆழ்கடலிலிருந்து வந்தது என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

இனி, எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்னும் வினாவுக்கு வருவோம். 'ஆயுட்காலம்' என்று எழுதுபவர் எவருடைய ஆயுளைக் கருதுகின்றார் என்பதை முதலிற் கேட்டல் வேண்டும். வண்டி செய்பவர் பெரும்பாலும் முதற் சொந்தக்காரரையும் உத்தரவாதக் காலத்தையுமே கண்முன் வைத்திருக்கின்றார். நம்மவரோ யப்பானில் சில ஆண்டுகள் ஓடிய வண்டியை வாங்கி, இன்னும் பதினைந்து ஆண்டு ஓட்ட எண்ணுகின்றோம். பல உயர்தர வண்டிகளுக்குக் கியர்ப் பெட்டி செய்துதரும் ஜேர்மனியின் இசட். எப். நிறுவனமே, தனது பெட்டிகளின் எண்ணெயை 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள், அன்றேல் எட்டாண்டுக்குள் மாற்றும்படி கூறுகின்றது. செய்தவரே மாற்றச் சொல்லும்பொழுது, விற்றவர் சொல்லை நம்பி இருப்பானேன்?

அதிலும் நமது நாட்டுப் பாவனை கடுமையானது. வெப்பநிலை 10 பாகை செல்சியசு கூடுந்தோறும் இரசாயன மாற்றங்கள் பலவற்றின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பள்ளிக்கூடத்திலே படிப்பிக்கும் பாடம். கொழும்பு நெரிசலில் நின்று நின்று ஊர்தலும், மலைப் பாதையில் ஏறுதலும் அந்த வெப்பத்தையே கூட்டுகின்றன. கைந்நூல்கள் பலவற்றில் 'கடும் பாவனை' என்று தனியாக ஓர் அட்டவணை இருக்கும். நாம் பார்க்கவேண்டியது அதனையே. என் கருத்தைக் கேட்டால், சாதாரண தன்னியக்கக் கியருக்கு 60,000 கிலோமீற்றர். எஃகுப் பட்டியும் கப்பியும் கொண்ட சி.வி.ரி. வகைக்கு 40,000 என்று வைத்துக்கொள்வது நமது பாதைகளுக்குப் பொருந்தும். கைந்நூல் இதனினும் குறைவாகக் கூறின் அதுவே மேல். பழைய வண்டியை வாங்கினால், தூரமானியில் என்ன எண் தெரிந்தாலும், முதல் மாதத்திலேயே ஒருமுறை பார்த்துவிடுதல் நன்று. அந்த எண்ணைப் பின்னோக்கித் திருப்பத் தெரிந்தவர்கள் உலகில் உளர்.

பிரியஸ், அக்குவா முதலிய டொயோட்டாக் கலப்பு வண்டிகளின் பெட்டிக்குள் அத்தகைய கிளச்சுத் தட்டுகளோ எஃகுப் பட்டியோ இல்லை. ஆதலின் அவற்றின் எண்ணெய் அவ்வளவு விரைவில் அழுக்காவதில்லை.

எந்த எண்ணெய் என்பது எத்தனை கிலோமீற்றர் என்பதைவிடப் பெரிய கேள்வி. சி.வி.ரி.க்குள் எஃகும் எஃகும் ஒன்றையொன்று பற்றவேண்டும். அங்கே சாதாரண ஏ.ரி.எப். எண்ணெயை ஊற்றினால் பட்டி வழுக்கிக் கப்பியைக் கீறிவிடும். நிறத்தைப் பார்த்துத் தெரிவுசெய்வதும் பிழை. சிவப்பு என்பது இயந்திர ஒயிலிலிருந்து வேறுபடுத்தவும், ஒழுக்கைக் கண்டறியவும் இட்ட வெறுஞ் சாயமே. பச்சை, மஞ்சள் நிறங்களிலும் இவ்வெண்ணெய்கள் வருகின்றன. கைந்நூலில் எழுதிய பெயரே போத்தலிலும் இருத்தல் வேண்டும்.

அடியிலுள்ள ஆணியைக் கழற்றினால் பெட்டியிலுள்ள எண்ணெய் முழுவதும் இறங்கிவிடாது. பாதியளவேனும் உள்ளே தங்கிவிடும். ஆகையால் ஒருமுறை வடித்து நிரப்பி, சில நூறு கிலோமீற்றர் ஓட்டி, மீண்டும் வடித்து நிரப்புவதே பொறுமையுள்ளோர் வழி. எண்ணெய் சூடேற விரியுமாதலால், அளவைக் கைந்நூல் கூறும் வெப்பநிலையிலேயே பார்க்கவேண்டும். புதிய வண்டிகள் பலவற்றில் அளவுகோற் கம்பியே இல்லை. அங்கே இது பழகிய கைக்குரிய வேலை.

"பழகிப்போன ஒயிலை மாற்றினால் பெட்டி செத்துவிடும்" என்று அச்சுறுத்துவோரும் உளர். இஃது அரை உண்மை. தட்டுகள் ஏற்கெனவே தேய்ந்து வழுக்கும் பெட்டியில், எண்ணெயில் மிதக்கும் தேய்துகளும் ஓரளவு பிடிப்பைத் தந்துகொண்டிருக்கும். புது எண்ணெய் வந்ததும் மறைந்திருந்த நோய் வெளியே தெரியும். பழி எண்ணெயின் தலையில் விழும். எரிந்த மணமும் வழுக்கலும் வந்தபின் எண்ணெய் மருந்தாகாது. நிறம் கறுத்திருந்தும் கியர் ஒழுங்காக மாறுகின்றதாயின், அமுக்கத்தால் கழுவும் பொறியை நாடாமல், சிறிது சிறிதாக வடித்து மாற்றலாம். இறம்பொடைக்கு ஓராண்டு முன்னர் எவரேனும் அந்தக் கம்பியை உருவிப் பார்த்திருந்தால், எமது பெட்டி இந்த இரண்டாம் வகையிலேயே இருந்திருக்கும் என்றார் அதனைத் திருத்தியவர்.

இப்பொழுது வண்டியின் முன்பெட்டிக்குள் ஒரு கொப்பித் தாள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றது. திகதி, தூரம், எண்ணெயின் பெயர், ஊற்றிய லீற்றர் யாவும் மனைவியின் கையெழுத்தில் உள்ளன. கடைசி வரியில், 'அடுத்தது 192,000' என்று எழுதி, கீழே இரண்டு கோடுகளும் இட்டிருக்கின்றாள்.