காப்பரைக் கவ்வும் கொடுக்கு!

லேபில் சால்ட் அனாலிசிஸ் பண்ணியிருக்கீங்களா? காப்பர் உப்புக் கரைசலில் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டால் முதலில் வெளிர்நீல வீழ்படிவு. இன்னும் விட்டால் அது கரைந்து, 'பளிச்'னு கருநீலம்! ''காப்பர் சார்''னு ரெக்கார்டில் எழுதிட்டு, டெஸ்ட் டியூபைக் கழுவி வெச்சிட்டுக் கிளம்பியிருப்போம். அந்த நீலத்துக்குப் பின்னால் ஓர் உயிர் காக்கும் கதை இருக்கு பாஸ்!

நான்கு அம்மோனியா மூலக்கூறுகள், ஆளுக்கொரு நைட்ரஜனை நீட்டி காப்பர் அயனியைப் பிடித்திருப்பதால் வரும் நிறம் அது. ஆனால், நாலு பேரும் தனித்தனி ஆட்கள். ஒருத்தர் கையை விட்டால், கூட்டத்தில் காணாமல் போயிடுவார். அதே நாலு நைட்ரஜனையும், நடுநடுவே இரண்டு கார்பன் வைத்து ஒரே சங்கிலியாகக் கட்டிவிட்டால்? ஒரு கை நழுவினாலும் மற்ற மூன்றும் விடாது. நழுவிய கையும் பக்கத்திலேயே இருப்பதால் மறுபடி பிடித்துக்கொள்ளும். நண்டு மாதிரி கவ்வுவதால் இதற்குக் 'கொடுக்கிணைப்பு' என்று பெயர். இந்தச் சங்கிலிதான் ட்ரைஎத்திலீன்டெட்ராமின். செல்லமாக, 'ட்ரையன்'. நாலு அம்மோனியாவைவிடச் சுமார் ஒரு கோடி மடங்கு உறுதியான பிடி!

பசையிலிருந்து மருந்து

எத்திலீன் டைகுளோரைடையும் அம்மோனியாவையும் அழுத்தத்தில் சூடாக்கினால் ட்ரையன் கிடைக்கும். ஆனா, தனியா வராது. குட்டைச் சங்கிலி, நீளச் சங்கிலி, கிளை, வளையம் என ஒரு பட்டாளமே கூட வரும். காய்ச்சி வடித்துப் பிரித்தாலும் நெருங்கிய சொந்தங்கள் சில ஒட்டிக்கொண்டே இருக்கும். எப்பாக்ஸி பசையை இறுக வைக்க அதுவே போதும். தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும் சரக்கு அது!

இதைப் போய் மருந்தாக்கியது ஏன்? வில்சன் நோய் வந்தவர்களுக்கு, மரபணுக் கோளாறால் உடம்பில் சேரும் காப்பர் வெளியேறாது. கல்லீரலிலும் மூளையிலும் படிந்து ஆளையே கொல்லும். 1956-ல் பெனிசிலமின் என்ற மருந்தைக் கொண்டுவந்தார் ஆங்கிலேய டாக்டர் ஜான் வால்ஷ். பலர் பிழைத்தார்கள். சிலருக்கோ அந்த மருந்தே சிறுநீரகத்தைப் பதம் பார்த்தது. நிறுத்தினால் காப்பர் கொல்லும். தொடர்ந்தால் மருந்து கொல்லும்!

கேம்பிரிட்ஜில் இருந்த வால்ஷ், 1969-ல் கையில் எடுத்தது ட்ரையனை. அதை ஹைட்ரோகுளோரைடு உப்பாக்கி, சுத்தப்படுத்திக் கொடுத்தார். காப்பர் சிறுநீரோடு வெளியேறியது. துத்தநாகத்தை ட்ரையன் பிடிக்கும் பிடி, காப்பர் பிடியைவிடப் பல கோடி மடங்கு தளர்வு. அதனால் குறி பெரும்பாலும் காப்பர் மேல்தான். 1985-ல் அமெரிக்காவும் இந்த மருந்துக்கு அனுமதி கொடுத்தது.

ஒரு விஷயம் ஃப்ரெண்ட்ஸ்... இந்த நோய் பெரும்பாலும் தலைகாட்டுவது சின்ன வயசிலும் நம்ம வயசிலும்தான். நல்லா எழுதிட்டிருந்த ஒருத்தன் கையெழுத்து திடீர்னு கோணலாகுதா, கை நடுங்குதா, பேச்சு குழறுதா? ''எக்ஸாம் டென்ஷன்டா மச்சி''னு கலாய்க்காம, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. காரணம் வேற எதுவாகவும் இருக்கலாம். வில்சனாக இருந்தா, சீக்கிரம் கண்டுபிடிச்சு, மருந்தை விடாம சாப்பிட்டா நார்மலா வாழலாம்.

கொடுக்கு இருக்கு. நீங்க கை கொடுத்தா போதும்!