கையால் உண்ணும் உயர்விருந்து

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

உணவு நாகரிகம் என்றதும் முள்கரண்டியும் கத்தியுமே பலருக்கு நினைவில் வருகின்றன. விலையுயர்ந்த உணவகத்தில் கையால் உண்பது இழுக்கு என்ற அச்சமும் உடன்வருகிறது. என் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். அந்த அச்சத்தை நன்கறிவேன். அதற்கு மருந்து ஜப்பானிய சுஷிக் கடையில் இருக்கிறது. நான் அங்குச் சென்றதில்லை. படித்தறிந்ததையே இங்கு எழுதுகிறேன்.

சுஷி என்றால் பச்சை மீன் என்பர். உண்மையில் வினிகர், உப்பு, சர்க்கரை கலந்த சோறே சுஷியின் உயிர். பண்டைக் காலத்தில் உப்பிட்ட மீனைச் சோற்றில் புதைத்து மாதக்கணக்கில் வைத்தனர். சோறு நொதித்து உண்டான லாக்டிக் அமிலம் மீனைக் கெடாமல் காத்தது. பீவா ஏரிப் பகுதியில் இன்றும் இவ்வாறு செய்கின்றனர்.

பிற்காலத்தில், நொதிக்கும்வரை காத்திராமல், புளிப்புக்கு வினிகரைச் சேர்த்தனர். இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரில், 1820-களில், பிடித்த சோற்றின்மேல் மீன்துண்டை வைத்துத் தரும் முறை பரவியது. ஹனாயா யோஹெய் என்பவர் இதில் முன்னோடி என்பர். அன்று அது தெருக்கடையில் நின்றபடியே கையால் எடுத்து உண்ட உணவு!

அதே உணவு இன்று எங்கே இருக்கிறது? டோக்கியோவின் கின்சா பகுதியில், நிலத்தடித் தளத்தில், பத்தே இருக்கைகள் கொண்ட சுகியாபாஷி ஜிரோ என்னும் கடை 2007-இல் மிஷலின் வழிகாட்டியின் மூன்று நட்சத்திரங்களைப் பெற்றது.

இத்தகைய கடைகளில் நீண்ட மரப்பலகையின் ஒருபுறம் சமையற்கலைஞர், மறுபுறம் விருந்தினர். முதலில் கை துடைக்க ஈரத் துவாலை வரும். 'ஒமகாசே' என்றால் 'உங்களிடமே விட்டுவிடுகிறேன்' என்று பொருள். அன்று கிடைத்த நல்ல மீனைக் கலைஞரே தேர்ந்து, ஒவ்வொன்றாகப் பிடித்து வைப்பார். சோறு உடற்சூட்டில் இருக்கும்போதே ஒரே வாயில் உண்ண வேண்டும். சோயாச் சாற்றில் மீன்பக்கத்தையே தொடுவர். சோற்றைத் தோய்த்தால் உதிர்ந்துவிடும். ஒரு மீனின் சுவை அடுத்ததோடு கலவாதிருக்க இடையிடையே இஞ்சி ஊறுகாய் உண்பர். குச்சியாலும் உண்ணலாம், கையாலும் உண்ணலாம், இரண்டும் முறையே.

மூக்கில் ஏறும் வசாபியின் காரம் அல்லைல் ஐசோதயோசயனேட் என்னும் சேர்மத்தால் வருவது. அரைத்த கருங்கடுகின் காரமும் அதுவே! பச்சை மீனில் புழு இருக்கலாம். −20° செல்சியசில் ஒரு நாளேனும் உறையவைத்தால் அது மடியும் என்கின்றன ஜப்பானிய அரசின் அறிவுரைகள்.

நண்பர்களே, இவ்விதிகளில் ஒன்றேனும் செல்வரையும் எளியவரையும் பிரித்தறிய வகுக்கப்பட்டதா? இல்லை. உணவின் தன்மையே அவற்றை வகுத்தது. காரணம் அறிந்தவனுக்கு எந்தப் பந்தியிலும் அச்சமில்லை. கல்வி தரும் துணிவு இதுவன்றோ!