உள்ளே போங்க சார்! நெரிசல் நேரப் பயணிகளுக்கு 10 கட்டளைகள்

காலை 8.40. சைதாப்பேட்டை பஸ் ஸ்டாப். நாற்பது பேர் ஒரே திசையில் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். தூரத்தில் ஒரு மாநகரப் பேருந்து தலைகாட்டுகிறது. வந்த பஸ், நிழற்குடையைத் தாண்டி முப்பது அடி தள்ளிப் போய் நிற்கிறது. அந்த முப்பது அடி ஓட்டப்பந்தயத்தில் டிபன் பாக்ஸ், குடை, முழங்கால் வலி என எல்லாமே கலந்துகொள்கின்றன. ஜெயித்தவர்கள் படியில் ஏறிவிடுகிறார்கள். தோற்றவர்கள் மறுபடியும் கழுத்தை நீட்டுகிறார்கள்.

ஏறியவர்களுக்குப் புத்தி சொல்ல உள்ளே ஆள் இல்லாமல் இல்லை. 'படியில் பயணம் நொடியில் மரணம்' என்கிறது ஒரு பலகை. 'கை, தலை நீட்டாதீர்' என்கிறது இன்னொன்று. சரியான சில்லறை கேட்கிறது மூன்றாவது. போதாக்குறைக்குத் திருவள்ளுவர் வேறு டிரைவர் பக்கத்திலிருந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். 1,330 குறள் எழுதியவராலேயே கூட்டத்தை ஓர் அடி உள்ளே நகர்த்த முடியவில்லை.

எனவே, பொதுநலன் கருதிப் புதிய விதிகள் இதோ. ஆட்சேபனை இருப்பவர்கள் அடுத்த ஸ்டாப்புக்குள் தெரிவிக்கவும்.

1. வாசல் காவலர் விதி

கடைசி ஸ்டாப்பில் இறங்க வேண்டியவர்தான் முதல் ஸ்டாப்பிலிருந்தே வாசலை அடைத்துக்கொண்டு நிற்பார். நடுவில் நான்கு பேர் தாராளமாக நிற்க இடம் இருக்கும். "உள்ள போங்க, நடுவுல ஃபுட்பால் விளையாடலாம் போல இருக்கு!" என்று கண்டக்டர் கத்துவது அவர் காதில் மட்டும் விழாது.

தண்டனை: வாசலில் நிற்பவர் இனி கௌரவ கண்டக்டர். ஒவ்வொரு ஸ்டாப்பின் பெயரையும் உரக்கச் சொல்ல வேண்டும். பாட்டிகளின் மூட்டைகளை இறக்கிக் கொடுக்க வேண்டும். சம்பளம் கிடையாது.

2. டம்ளர் விதி

காபி நிறைந்திருக்கும் டம்ளரில் மேலும் காபி ஊற்ற முடியாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மின்சார ரயில் வாசலில் மட்டும் மறந்துவிடும். இறங்குபவர் இறங்கினால்தானே ஏறுபவருக்கு இடம்? இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டு நின்றால், மாம்பலத்தில் இறங்க வேண்டியவர் கோடம்பாக்கத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

தண்டனை: இடித்துக்கொண்டு ஏறுபவர், தான் இறங்க விடாமல் தடுத்தவரின் ஆபீஸுக்குப் போய், தாமதத்துக்கான காரணத்தை மேலதிகாரியிடம் விளக்க வேண்டும்.

3. கைக்குட்டைப் பட்டா விதி

ஜன்னல் வழியாக ஒரு கைக்குட்டை வந்து சீட்டில் விழுந்தால், அந்த இடம் பரம்பரைச் சொத்தாகிவிடுகிறது. கைக்குட்டை இல்லாதவர்கள் தண்ணீர் பாட்டில், செய்தித்தாள், சில சமயம் சொந்தக் குழந்தையைக்கூட உள்ளே அனுப்புவதுண்டு.

தண்டனை: கைக்குட்டை போட்டவர் சார்பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத்தாள் கட்டணம் செலுத்தி, வில்லங்கச் சான்றிதழுடன் வந்து உட்காரலாம்.

4. முதுகுப் பை விதி

லேப்டாப் பையை முதுகில் மாட்டியவர் ஒருமுறை திரும்பினால், பின்னால் இருக்கும் மூன்று பேரின் மூக்குக் கண்ணாடி கழன்றுவிடும். அவருக்கு எதுவும் தெரியாது. முதுகில் கண் இல்லையே! பையைக் கழற்றி முன்பக்கம் மாட்டிக்கொண்டாலோ காலடியில் வைத்தாலோ இன்னும் ஒருவர் நிற்கலாம்.

தண்டனை: முதுகில் தொங்கும் பைக்கு அரை டிக்கெட். சாப்பாட்டு கேரியரும் உள்ளே இருந்தால் முழு டிக்கெட்.

5. ஒலிபெருக்கி விதி

ஹெட்போன் என்ற ஒன்று கண்டுபிடிக்கப்பட்ட தகவல் இன்னும் சிலருக்குப் போய்ச் சேரவில்லை. ஒருவர் ரீல்ஸ் பார்க்க, ஐம்பது பேர் கேட்கிறார்கள். இன்னொருவர் குரோம்பேட்டையில் நின்றுகொண்டு, "கிண்டி வந்துட்டேன் சார், அஞ்சே நிமிஷம்" என்று போனில் சத்தியம் செய்கிறார். பெட்டியே அதற்குச் சாட்சி.

தண்டனை: ஸ்பீக்கரில் குடும்ப விஷயம் பேசுபவர் கதையை முடிக்காமல் இறங்கக் கூடாது. "மாப்பிள்ளை வீட்டுல கடைசியா என்னதான் சொன்னாங்க?" என்று கேட்கும் முழு உரிமை சக பயணிகளுக்கு உண்டு.

6. கும்பகர்ண விதி

கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறுவார். ஊன்றுகோலுடன் ஒரு பெரியவர் ஏறுவார். அந்த நொடியில், அதுவரை கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஆழ்ந்த உறக்கம் வந்துவிடும். தலைக்கு மேலே 'மூத்த குடிமக்கள்' என்று எழுதியிருந்தால் குறட்டையும் சேர்ந்துகொள்ளும். ஆனால், தன் ஸ்டாப் வந்தால் மட்டும் அலாரம் வைத்ததுபோல எழுந்துவிடுவார்.

தண்டனை: தூங்குபவரை யாரும் எழுப்பக் கூடாது. பஸ் டெப்போவுக்குப் போனதும் டீ கொடுத்து எழுப்பப்படும்.

7. 'ஓசி' விதி

சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கலாம் என்ற திட்டம் 2021 மே மாதம் வந்தது. வீட்டுவேலைக்குப் போகிறவர், பூ விற்கிறவர், கடையில் நின்றபடியே வேலை பார்க்கிறவர் என்று பலருக்கு, தினமும் இரண்டு டிக்கெட் காசு மிச்சம் என்பது மாதக் கடைசியில் ஒரு பெரிய விஷயம். அந்தக் காசு பெரும்பாலும் வீட்டுக்குத்தான் போகிறது. ஆனாலும் பஸ்ஸுக்குள், "ஓசிதானே, நின்னுட்டு வரட்டும்" என்று ஒரு குரல் அவ்வப்போது கேட்கிறது.

தண்டனை: அப்படிச் சொன்னவர் அன்று காலை தனக்கு ஓசியில் கிடைத்தவற்றைப் பட்டியலிட வேண்டும். காபி, இட்லி, துவைத்த சட்டை, கையில் இருக்கும் டிபன் பாக்ஸ்... பட்டியல் முடிவதற்குள் அவர் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும்.

8. சேஃப்டி பின் விதி

இந்த விதியில் சிரிக்க எதுவும் இல்லை. நெரிசலைப் பயன்படுத்திக் கைநீட்டுகிறவர்களுக்குப் பயந்து, ஹேண்ட்பேக்கில் சேஃப்டி பின் வைத்துக்கொண்டு பஸ் ஏறக் கற்றுக்கொண்ட பெண்கள் பல தலைமுறையாக இருக்கிறார்கள். அம்மா மகளுக்குச் சொல்லித்தரும் பயணக் குறிப்பாகவே அது ஆகிவிட்டது. பெண்களைத் துன்புறுத்துவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 1998-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. பெண்களுக்கான உதவி எண் 181. ரயிலில் என்றால் 139.

இங்கே விதி, தப்பு செய்தவருக்கு மட்டுமல்ல. ஒரு பெண் குரல் உயர்த்தியதும் திடீரென ஜன்னல் பக்கம் திரும்பி வேடிக்கை பார்க்கிறவர்களுக்கும்தான். "என்னம்மா ஆச்சு?" என்று ஒருவர் கேட்டால் போதும், அந்தக் கை பின்வாங்கிவிடும். அதற்குமேல் ஆனால் பஸ் நேராகக் காவல் நிலையத்துக்கு. தாமதமானாலும் யாரும் முணுமுணுக்கக் கூடாது.

9. பின்னால் வரும் பஸ் விதி

அரை மணி நேரம் ஒரு பஸ்கூட வராது. வந்தால் ஒரே நம்பரில் மூன்று வரும். இது டிரைவர்கள் பேசிவைத்துச் செய்யும் சதி அல்ல. முதல் பஸ் சிக்னலில் சற்றுத் தாமதமாகிறது. அதற்குள் அடுத்த ஸ்டாப்பில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. அத்தனை பேரும் ஏற நேரமாவதால் பஸ் மேலும் தாமதமாகிறது. பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஏற்ற ஆள் இல்லாததால் அது வேகமாக வந்து முதல் பஸ்ஸைப் பிடித்துவிடுகிறது. முன்னால் போவது பிதுங்கும், பின்னால் வருவது காலியாக வரும்.

பரிசு: முதல் பஸ்ஸை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியும் இரண்டாவது பஸ்ஸில் ஏறுபவருக்கு ஜன்னல் சீட். இது மட்டும் நிஜமாகவே கிடைக்கும்.

10. படிக்கட்டு விதி

உள்ளே இடம் இருந்தாலும் படியில் ஒற்றைக் காலில் தொங்குவது சில இளைஞர்களுக்கு வீரம். உள்ளே இடமே இல்லாமல் தொங்குகிறவர்களுக்கு அது கட்டாயம். விளைவு இருவருக்கும் ஒன்றுதான்.

2018 ஜூலை 24. மின்சார ரயில்கள் தாமதமான ஒரு காலை நேரம். கடற்கரையிலிருந்து புறப்பட்ட ரயில், வழக்கமான பாதையை விட்டு விரைவு ரயில் பாதையில் சென்றது. வாசலில் தொங்கிக்கொண்டிருந்தவர்கள், பரங்கிமலை நிலையத்தில் அந்தப் பாதையை ஒட்டியிருந்த சுவரில் மோதினார்கள். சிலர் வேலைக்கும் போகவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை.

ரயில்வே ஊழியர் எச்சரித்த பிறகும் படிக்கட்டில் பயணம் செய்தால், 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டப்படி 3 மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்குமேல் ஒரு தண்டனையைச் சேர்க்க இங்கே மனம் வரவில்லை. கேட்பது ஒன்றுதான். தொங்குகிறவர் கையைப் பிடித்து ஒருவர் உள்ளே இழுக்க வேண்டும். உள்ளே நிற்கிறவர்கள் அரை அடி நகர வேண்டும். முதல் விதியை எல்லோரும் மதித்தால் பத்தாவது விதிக்குப் பாதி வேலை குறையும்.

மீதிப் பாதி பயணிகள் கையில் இல்லை. நெரிசல் நேரத்தில் கூடுதல் பஸ், கூடுதல் ரயில், ஸ்டாப்பிலேயே நிற்கும் வண்டி என்ற மூன்றும் கிடைத்தால், மேலே உள்ள விதிகளில் பலவற்றைக் கிழித்துப்போட்டுவிடலாம். கதவு மூடினால்தான் வண்டி நகரும் என்ற பஸ்களில் படிக்கட்டு வீரர்களே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

சரி, இந்தக் கூட்டத்தைத் திருத்தவே முடியாதா என்று அலுத்துக்கொள்கிறவர்கள், அதே சைதாப்பேட்டை பஸ்ஸில் அடுத்து நடப்பதைப் பார்க்கலாம்.

முன்வாசலில் ஏறிய பெரியவரால் நகர முடியவில்லை. கண்டக்டர் பின்னால் இருக்கிறார். "தம்பி, தி.நகர் ஒண்ணு, பாஸ் பண்ணுப்பா" என்று ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டுகிறார். முதுகுப் பைக்காரர் வாங்கி, ரீல்ஸ்காரரிடம் கொடுக்கிறார். ரீல்ஸ்காரர், வாசலை அடைத்துக்கொண்டு நிற்பவரிடம். 'தூங்கிக்கொண்டிருந்தவர்'கூடக் கண் திறந்து கை நீட்டி வாங்கி அனுப்புகிறார். ஏழெட்டுக் கைகள் தாண்டி நோட்டு பின்னால் போகிறது. அதே கைகள் வழியாக டிக்கெட்டும், அதற்குள் மடித்து வைத்த மீதிச் சில்லறையும் முன்னால் வருகின்றன.

பெரியவர் எண்ணிப் பார்க்காமல் பையில் போட்டுக்கொள்கிறார். இதற்கு எந்தப் பலகையிலும் விதி எழுதவில்லை. அபராதமும் இல்லை.

"டிக்கெட் வந்துச்சா பெரியவரே? சரி... உள்ள போங்க, உள்ள போங்க!"